ஜன்னலோரக் கம்ப்யூட்டர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் எட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏழு ஒரே பல்லவியைப் பாடின: 'லைப்ரரி ஃபைல் காணவில்லை.' சாஃப்ட்வேர் ஓடத் தேவையான அந்த ஃபைலைப் போட மறந்தவர் யாரென்று, அதை எழுதிக் கொடுத்த ஆபீஸ் முழுக்கத் தெரியும். பழுது பார்க்க வந்திருந்தவளின் கணவர்தான். அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பிப் பதினோரு நாளாகிறது.

இருவருக்கும் ஒரே ஆபீஸ். எக்செல்லுக்குள் இருந்தபடியே பரிசோதனை அறிக்கை தயாரிக்கும் ஆட்-இன் என்ற துணை சாஃப்ட்வேரை எழுதியவள் அவள். அதை இங்கே வந்து இன்ஸ்டால் செய்தவர் அவர். புகார் வந்த இரண்டாம் நாள் மேனேஜர் மீட்டிங் போட்டார்.

"என் கோட்ல தப்பில்ல சார். இன்ஸ்டால் பண்ணினதைப் பாருங்க" என்று வாய் கூசாமல் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் தலை குனிந்தவர் குனிந்தவர்தான்.

இப்போது பார்த்துவர வேறு ஆளில்லாமல் அவளையே அனுப்பியிருந்தார்கள்.

இன்ஸ்டால் செய்த ஃபோல்டரைத் திறந்தாள். அவர் போட்ட தேதியோடு பதினாலு லைப்ரரி ஃபைலும் சமர்த்தாக அங்கேயே இருந்தன. எக்செல் திறந்ததும் ஆட்-இன்னின் பிரதி மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போய் அங்கிருந்து ஓடியது. 'பக்கத்திலேயே தேடு' என்று அவள் எழுதிய ஒற்றை வரி, ஒன்றுமில்லாத அந்த இடத்தில் தேடிவிட்டுக் கையை விரித்தது.

தன் தப்பைத் தூக்கிப் புருஷன் தலையில் போட்டிருக்கிறாள்.

ஜன்னலோரக் கம்ப்யூட்டர் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். "அதுவா? உங்க வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் பூரா அது முன்னாடிதான் உட்கார்ந்திருந்தார்" என்றார் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா. கணவர் பேச்சை எடுத்ததுமே இவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அந்த ஒற்றை வரியைத் திருத்தி எட்டிலும் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அவர் அவளுடைய ஆபீஸ் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தப்பு என் கோட்லதான். நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றவள் உடைந்து அழுதுவிட்டாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஜன்னலோரக் கம்ப்யூட்டர் ஓடுதா?"

தலையாட்டினாள்.

"உன் கோடு தேடற இடத்துலயே ஃபைலையெல்லாம் காப்பி பண்ணி வெச்சேன். ஓடுச்சு."

எப்போது என்று அவள் கேட்குமுன் அவரே சொன்னார்.

"மீட்டிங்குக்கு முந்தின நாள்."