ஒன்பதுக்குக் கீழே ஓர் ஆள்

ஒரு கம்ப்யூட்டருக்குள் மதிப்பெண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் ஒன்று இருந்தது. பெரியதை முன்னாலும் சிறியதைப் பின்னாலும் நிறுத்துவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. நூறு எப்போதும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஒன்பதுக்குக் கடைசி இடம்தான்.

ஒருநாள், பரீட்சைக்கு வராத எவனுக்காகவோ ‘வரவில்லை’ என்ற சொல்லும் மதிப்பெண்களோடு வந்து நின்றது. ஒன்பதுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, இவனை எனக்குக் கீழ போடுங்க” என்றது.

புரோகிராம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “நீ எண்ணு, அவன் சொல்லு. இதுல யாரு பெரிசுன்னு நான் எப்படிச் சொல்றது? இத்தோட வேலையை நிறுத்திக்கறேன்.”

“பரீட்சைக்கே வராதவன் அண்ணே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா.”

ஒன்பது விடவில்லை. “அப்ப எங்க எல்லாரையும் சொல்லா மாத்திடுங்க. ஒரே இனமாயிட்டா ஒப்பிடலாம்ல?”

“மாத்தலாம். ஆனா சொல்லுன்னா முதல் எழுத்தைத்தான் பார்ப்பேன்.”

“எதையோ பாருங்க. எனக்குக் கீழ ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.”

புரோகிராமின் கணக்கில் எந்த எழுத்தும் எந்த இலக்கத்தையும்விடப் பெரியது. அதனால் ‘வரவில்லை’ முதலிடத்தில் போய் நின்றது. அடுத்து, இலக்கங்களிலேயே பெரியதான ஒன்பது. மூன்றில் தொடங்கிய முப்பத்தைந்து அதற்கும் பின்னால். ஒன்றில் தொடங்கிய நூறு கடைசி.

ஒன்பது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. பிறகு மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தது.

“கவலைப்படாத தம்பி” என்றது நூறிடம். “அடுத்த தடவை கொஞ்சம் நல்லாப் படி.”