ராஜாவின் வேலையாட்கள்

“டீச்சர், கல்லறையில கொள்ளை!”

இசக்கிராஜாவின் அலறலில் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

ஐந்தாம் வகுப்பே பின்சுவரோரம் ஓடிக் குவிந்தது.

அங்கேதான் எகிப்து இருந்தது. டி.வி. வந்த அட்டைப்பெட்டி. உள்ளே ஆற்றுமணல். மணல்மேல், பேண்டேஜ் துணி சுற்றிய பொம்மை ராஜா.

ராஜா படுத்திருந்தார். சாக்லெட் தாளில் செய்த தங்கக் கிரீடம்கூட நலுங்கவில்லை.

அவரைச் சுற்றி நின்ற களிமண் வேலையாட்களைத்தான் காணோம். ஒருவர்கூட இல்லை.

போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். செத்த பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்று அந்தக் காலத்து எகிப்தில் நம்பினார்கள். அங்கேயும் வேலை இருக்கும். ராஜா வேலை செய்வாரா? அதனால் கல்லறைக்குள் சின்னச் சின்ன பொம்மைகளை வைப்பார்கள். வேலைக்கு வா என்று கூப்பிட்டால், அவருக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து போகும்.

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆளுக்கொன்று செய்தார்கள். இசக்கிராஜா, வீட்டுப்பாடம் எழுதத் தனக்கும் ஒன்று செய்துகொண்டான்.

“தங்கத்தை விட்டுட்டு மண்ணைத் தூக்கிட்டுப் போயிருக்கான். கூறுகெட்ட கள்ளனா இருக்கானே!”

“எம்பொம்மைக்கு மீசையெல்லாம் வச்சிருந்தேன் டீச்சர்…”

“எல்லார் பையையும் பாருங்க டீச்சர்!”

பைகள் மளமளவென்று திறந்தன.

பிரின்ஸி மட்டும் பையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தாள்.

இசக்கிராஜா பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவை கள்ளி என்று பேர் விழுந்தால், பள்ளிக்கூடம் முடிகிறவரை அதுதான் பேர்.

“எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க. ஓடு!”

“இன்னும் பெல் அடிக்கலையே டீச்சர்?”

“அடிச்சாச்சுன்னு வச்சுக்கோ. போலே!”

பிரின்ஸியைத் தவிர வகுப்பு காலியானது.

அவள் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். பிரின்ஸி தடுக்கவில்லை.

உள்ளே, பழைய சேலைத் துணியில் ஒவ்வொருவராகச் சுற்றி, ஒரு விரல்கூட உடையாமல், எல்லோரும் இருந்தார்கள். மீசைக்காரரும்.

ஒருவர் கையில் புதிதாக ஒரு துடைப்பக்குச்சி, நூலால் கட்டியிருந்தது. இன்னொருவர் கையில் சட்டைப் பொத்தான். சாப்பாட்டுத் தட்டு மாதிரி.

அவள் அந்தப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் வரவில்லை.

“கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே, பிள்ள. பாவம், ராஜாவுக்கு ஆள் வேண்டாமா?”

பிரின்ஸி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

“அவரு சும்மாதான டீச்சர் படுத்திருக்காரு. எங்கம்மாதான் ஞாயித்துக்கிழமை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறாங்க.”