பலூனும் முடிச்சும்

வயிறு நிறைய வெள்ளைப் பொடியோடு ஒரு பலூன் குளக்கரையில் கயிற்றால் கட்டுண்டு கிடந்தது. உச்சி வானத்தில் அந்தப் பொடியைத் தூவினால் கொஞ்சம் வெயில் வந்த வழியே திரும்பிவிடும், பூமி குளிரும். மேலே போகும் ஏக்கம் தவிர பலூனுக்கு வேறு நினைப்பே இல்லை.

"இன்னுமா என்னை விடமாட்டே?" என்று கயிற்றிடம் கெஞ்சியது.

"கீழே இருக்கிற எல்லாரும் சரின்னு சொல்லணும். அதுதான் முறை. தவளை மட்டும்தான் பாக்கி," என்றது கயிறு.

வறண்டு வெடித்துக் கிடந்த குளத்தில், கொஞ்சம் ஈரமிருந்த ஒரு பிளவுக்குள் தவளை முடங்கியிருந்தது.

"வெயிலைத் தணிக்கப் போறேன் தவளையண்ணே, சரின்னு சொல்லுங்க," என்றது பலூன்.

"தணிஞ்சா நல்லதுதான் தம்பி, தோலெல்லாம் தீய்ஞ்சுபோச்சு. ஆனா கடல்லேர்ந்து மழையைத் தூக்கிட்டு வர்றதும் இதே வெயில்தானே? நீ போனப்புறம் மழை வருமா?"

"தெரியலையே."

"வரலேன்னா, தூவினதையெல்லாம் திரும்ப அள்ளிட்டு வந்துடுவியா?"

பலூன் தன் வயிற்றிலிருந்த பொடியைக் குனிந்து பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது. பலூன் துள்ளி மேலெழும்ப, முடிச்சு தளர்ந்தது. வானம் இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

"கயிறே," என்றது பலூன், மேலே பார்த்தபடியே. "இறுக்கிப் பிடிச்சுக்கோ."