பலகைக்குக் கீழே

பசிபிக் கடலில் பிரான்ஸ் அணுகுண்டு வெடித்துப் பார்த்த 1995இல், நியூசிலாந்தின் பாபகூராவில் கடை வைத்திருந்த தியாகலிங்கம் பிரெஞ்சு சென்ட், சீஸ் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'இங்கே பிரெஞ்சுச் சாமான் இல்லை' என்று பலகை மாட்டினார். படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் வந்ததும் வேலையாள் ராம்பிரசாத் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"ஏன் ஐசே ஒளிக்கிறீர்? விசா முடிஞ்சுதோ?"

"விசா இருக்கு முதலாளி. வேலைதான் போயிடுமோன்னு..." என்று பாஸ்போர்ட்டை நீட்டினான்.

தியாகலிங்கம் அட்டையைப் பார்த்தார். பிரான்ஸ்.

"எனக்குப் பாண்டிச்சேரி, முதலாளி. தாத்தா காலத்துல பிரெஞ்சுக்காரன் குடுத்துட்டுப் போன குடியுரிமை."

"விக்கிற சாமானைத்தான் விலக்கினனான். உம்மை நான் விக்கேல்லையே. வாரும், வந்து நில்லும்."

மறுநாள் பத்திரிகையில், அந்தப் பலகைக்குக் கீழே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது பிரான்ஸ்.