நான்காம் ஜன்னல்

இடது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து இருநூறு ஜோடிச் செருப்புகளின் அடிக்குப் பசை தடவிவிட்டு வந்திருந்தான். ஆள்காட்டி விரல் பசையைக் கழுவிய தின்னர் பட்டு எரிந்தது.

அந்த விரல் இப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்ணின் கையில்.

அவள் அதை மைத்தகட்டில் உருட்டினாள். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. பிறகு தாளில்.

கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. கோடே இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

ஒசாகாவில் ஒரு வார்டு அலுவலகம், 1983. நான்காம் ஜன்னல், வெளிநாட்டவர் பதிவு. பிறந்தது இந்த ஊர், படிப்பது இந்த ஊர்ப் பள்ளி என்றாலும் கொரியன் கொரியன்தான். பதினாறு வயதில் வந்து விரல் கொடுக்க வேண்டும். அவனுக்குப் போன வாரம் பதினாறு.

அவள் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தது. ஒகுமுரா.

அட்டையைப் பார்க்கத் தேவையில்லை. அவனோடு படிக்கும் கசுயோவின் அம்மா.

மூன்று வாரம் முன்பு அவர்கள் வீட்டில் சாப்பிட்டான்; இந்த ஞாயிறும் வரச் சொல்லியிருந்தார்கள். "அராய், வெக்கப்படாதே. வளர்ற பையன் நீ" என்று இதே கை அவன் கிண்ணத்தில் மூன்றாம் முறை சோறு போட்டது. அம்மாவுக்கு வார்டு அலுவலகத்தில் வேலை என்று கசுயோ சொல்லியிருந்தாள். எந்த ஜன்னல் என்று அவன் கேட்கவில்லை.

தாளில் முதலில் பாக் யோங்கில் என்ற கொரியப் பெயர் இருந்தது. பள்ளியில் சொல்லும் ஜப்பானியப் பெயர், அராய், அதற்குக் கீழே சின்ன எழுத்தில்.

அவள் இரண்டையும் படித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைத்தகட்டைப் பார்த்தாள்.

மூன்றாம் தடவை. திட்டு.

"பசை வேலையா?"

"ஆமா."

"தின்னர்லதான் கை கழுவுவீங்களா?"

"ஆமா."

நான்காம் தடவை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கும் வியர்த்திருந்தது.

கசுயோவின் கையை அவன் ஒரே ஒரு தடவை பிடித்திருக்கிறான். ரயில்வே கேட் திறக்கிற வரைக்கும். இவள் அதைவிட அதிக நேரம் பிடித்துவிட்டாள்.

"விரலா அது, சோப்புக்கட்டியா?"

வரிசையில் அவனுக்குப் பின்னால் சோய் அக்கா. அவன் தெருமுனையில் கிம்ச்சி ஊறுகாய் விற்பவள்.

"அவனை விட்டுட்டு என்னுதை எடுங்கம்மா. மிளகாயில ஊறின விரல். ஒரே அழுத்துல காரத்தோட விழும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"டேய் யோங்கில், என்னடா இது! மாப்பிள்ளை கையைப் பிடிச்ச மாதிரி விடவே மாட்டேங்கிறாங்க?"

அவள் கை சட்டென விலகியது.

விரல் தாளுக்கு மேலே தனியாக நின்றது.

அவள் பஞ்சில் பென்சீன் நனைத்தாள். அவன் விரலைத் துடைத்தாள். நக இடுக்கு, மடிப்பு என்று ஒன்று விடாமல், பொறுமையாக. பஞ்சைப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துத் தன் கையைத் துடைத்தாள். அதற்குக் கூடுதல் நேரம் ஆனது.

ஒரு சீட்டில் தேதி எழுதினாள்.

"பதினஞ்சு நாள் பசை தொடாதீங்க. தோல் வளரட்டும். இருபத்தெட்டாம் தேதி வாங்க."

சீட்டை அவன் பக்கம் தள்ளினாள். விரலை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. குரல் இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை நாங்க வீட்ல இருக்க மாட்டோம். வர முடியலைன்னு கசுயோகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சரிங்க."

குனிந்து வணங்கினான். சீட்டை எடுத்துக்கொண்டான்.

சோய் அக்கா ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்கு ஒரே அழுத்தில் விழுந்தது.

பட்டறையில் அப்பா தலையைத் தூக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"ரேகை விழல. பசை தொடக் கூடாதாம், பதினஞ்சு நாளைக்கு."

"யாரு, அவங்க வந்து தடவுவாங்களாமா?"

அடுத்த கூடையைக் காலால் தள்ளினார். இருநூறு ஜோடி. நாளைக் காலை வண்டி வரும்.

தொட்டால் இருபத்தெட்டாம் தேதியும் திட்டுதான் விழும். மறுபடி அந்த ஜன்னல். மறுபடி அந்தக் கை.

தூரிகையை எடுத்தான்.

சனிக்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிள் கொட்டகைக்குக் கசுயோ ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"நாளைக்கு நான்தான் சமைக்கிறேன். வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாகிட்ட சொல்லாதே."

"நாளைக்கு முடியாது."

"வேலையா?"

"ம்."

"சரி, அடுத்த ஞாயிறு."

"முடியாது."

"அதுக்கு அடுத்தது?"

அவன் பூட்டைத் திறந்தான். சாவி இரண்டு தடவை வழுக்கியது.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிறுத்தினாள்.

"நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

கால் தானாகப் பெடலை மிதித்தது.

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு காலை ஊன்றி நின்றான். சரக்கு வண்டி. நீளம்.

அலுவலகத்துக்கு ஒரு ரேகை தர வேண்டும். அதற்குத் தேதி இருந்தது.

கசுயோவுக்கு ஒரு பதில் தர வேண்டும்.