நடுங்கும் கை

"முடிச்சை நல்லாப் பார்த்தீங்களாண்ணே?"

பெயின்டர் மறுபடியும் கேட்டான். நெட்டையண்ணன் கயிற்றை இழுத்துக் காட்டினார்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம். பலகையில் உட்கார்ந்து சுவருக்கு வெளியே தொங்குகிறவன் தன் முடிச்சைத் தானே போடக்கூடாது. மொட்டை மாடியில் நிற்கும் கூட்டாளிதான் அங்கே பதித்திருக்கும் இரும்பு வளையத்தில் கட்ட வேண்டும்.

இத்தனை நாள் பயமில்லை. இன்று மூன்று தடவை கேட்டுவிட்டான்.

காரணம் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மேஸ்திரி வேலை அண்ணனுக்குத்தான் வருவதாக இருந்தது. "அவருக்குக் கை நடுங்குது சார்" என்று இன்ஜினியர் காதில் ஒரு பொய்யைப் போட்டு, அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவன் இவன்.

மனசு உறுத்தவில்லையா என்றால், அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தான். டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்துவிடுவான்.

"கல்லை விட்டா கீழதான் விழும். மனுஷனை விட்டா தன் பக்கம்தான் சாய்வான். அவனால வேற மாதிரி இருக்கவே முடியாது."

அண்ணனும் மனுஷன்தானே! விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தால்? காலையிலிருந்து வாயே திறக்கவில்லையே.

எட்டாவது மாடிச் சுவரில் பாதி அடித்திருப்பான். பலகை திடீரென்று ஓர் அடி இறங்கியது.

பெயின்ட் வாளி கவிழ்ந்து கீழே போனது. அது தரையில் விழுந்த சத்தம் வரவே நேரம் பிடித்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

கயிறு மட்டும் வெடவெடவென்று ஆடியது. அவிழ்க்கிறாரா?

"நான் புள்ளகுட்டிக்காரன்ணே! மன்னிச்சிருங்கண்ணே!"

பலகை இன்னும் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, ஏழாவது மாடி பால்கனி வரை. கம்பியைத் தாவிப் பிடித்து உள்ளே விழுந்தான். புதுக் கட்டடம், கதவுகூடப் போடவில்லை.

உயிர் தப்பியதும் ஆத்திரம் வந்தது. அவர் குரல்வளையைப் பிடிக்கிற வேகத்தில் படியேறினான்.

மாடியில், சிமென்ட்டோடு பெயர்ந்து வந்த இரும்பு வளையம் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் இரண்டு காலையும் முட்டுக்கொடுத்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் இடுப்பைச் சுற்றியிருந்தது. உள்ளங்கைகளில் தோலே இல்லை.

இவன் விழுந்திருந்தால் அவரும் சேர்ந்துதான்.

"ஏண்ணே... ஏன் விடல?"

"விட்டுடலாம்னு தோணாம இல்லடா. இந்தக் கைதான் கேக்கல."

ரத்தம் சொட்டும் கைகளை அவன் முன்னால் நீட்டினார்.

"இன்ஜினியர்கிட்ட சொன்னியாமே. இப்பத்தான் நடுங்குது, பாரு."