ஆறிப்போன கோபம்

கொலைகாரனுக்குப் புதுச் சட்டை எடுத்து வந்திருந்தார் அந்தம்மா. சிறை மனநல மருத்துவரின் மேஜைமேல் அதை விரித்து, தோள் அளவு சரியாக இருக்குமா என்று கேட்டார்.

“உங்க மகனுக்காம்மா?”

“என் மகனைக் கொன்னவனுக்கு.”

வாசலில் நின்ற வார்டர், தன் மாமியார்கூடத் தனக்கு இப்படி ஒன்று எடுத்துத் தந்ததில்லை என்று முணுமுணுத்தார். மருத்துவர் அவரை வெளியே போகச் சொன்னார்.

மதுக்கடையில் வாய்த்தகராறு, கையில் கிடைத்த பாட்டிலால் ஒரே அடி. வழக்கு அவ்வளவுதான். முன்விடுதலைக் குழு அன்று மதியம் கூடுகிறது. சம்மதித்தால் மாலையே அவன் வெளியே. மருத்துவர் சொல்வதுதான் அங்கே எடுபடும் என்று கேள்விப்பட்டு, அவனுக்காகப் பேச வந்திருந்தார் அந்தம்மா.

மருத்துவர் விளக்கினார். ஆத்திரத்தில் அடித்துவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் ஒரு ரகம். காத்திருந்து, திட்டம் போட்டு, பதறாமல் செய்கிறவர்கள் வேறு ரகம். மனம் மரத்துப்போனவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருப்பார்கள். அவர்களை வெளியே விடச் சொல்ல அவர் துணிவதில்லை.

“இவன் எந்த ரகம் டாக்டர்?”

“முதல் ரகம். உங்க மகன் பேரைச் சொன்னா இப்பவும் அழறான்.”

அந்தம்மா அழவில்லை. சட்டையை ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்தார். கூட்டிப்போக அவனுக்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும், பெரிய மகன் வேனோடு வெளியே நிற்பதாகவும் தாங்களே அழைத்துப்போவதாகவும் சொன்னார். எந்த வாசல் வழியாக விடுவார்கள், அதற்குள் இருட்டிவிடுமா என்றும் விசாரித்துக்கொண்டார். ஆள் தவறிப்போய்விடக் கூடாதாம்.

“உங்களுக்குக் கோபமே இல்லையாம்மா?”

“அதெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு டாக்டர். கோபத்துல செஞ்சா எதுவும் உருப்படியா வராது.”

மதியம், விஷயத்தைக் கேட்ட குழுத் தலைவர் உருகிப்போனார். பெற்றவளே மன்னித்த பிறகு தடுக்க நாம் யார் என்று சொல்லிக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

“விட வேண்டாம் சார்,” என்றார் மருத்துவர். “இன்னைக்கு விட்டா, நாளைக்குள்ள ஒரு கொலை விழும்.”

தலைவர் நிமிர்ந்தார். “அவன் அவ்வளவு ஆபத்தான ஆளா?”

“அவன் இல்ல சார். அந்தம்மா.”